ழகரமே சாட்சி

“அட்டைகளைக் கையால தொடக் கூடாது” என்றார் மதிப்பீட்டாளர்.

“மூக்கால தொடலாங்களா?” என்று கேட்டான் வானொலி. ஓயாத வாய்க்கு ஊர் வைத்த பெயர் அது.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடப் போகிற நேரத்தில் இவனுக்கு நக்கல் ஒரு கேடா? மூன்று வயதுப் பிள்ளைகளோடு காலமெல்லாம் மாரடித்தவள் அவள். இந்த ரகம் வகுப்புக்கு ஒன்று இருக்கும். அதை முதல் வரிசையில், கையெட்டும் தூரத்தில் உட்கார வைக்க வேண்டும். துப்பறிய வந்தவருக்கு உதவியாளனாக வந்து நிற்பவனை எங்கே உட்கார வைப்பது?

சரி, முதலாளியைப் பார்த்தாவது நம்பிக்கை வருமா என்றால் அதுவும் இல்லை. ஆபீசரம்மா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாள், காப்பீட்டு நிறுவனத்தில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பிடிக்காமல் துப்பறியக் கிளம்பியவர். நாற்காலியில் சாய்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு பேரை நம்பித்தான் டீச்சர் களத்தில் இறங்கியிருந்தாள்.

அறக்கட்டளையின் அலுவலகம் அது. சுவர் முழுக்கச் சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். அதில் ஒன்று டீச்சரின் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. முன்பல் இல்லாமல், மூக்கு ஒழுக, உலகத்தையே ஜெயித்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க டீச்சர் பாடுபட்டாள்.

பள்ளிக்கூடம் என்று பெயர்தான் பெரிசு. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் கொஞ்சம் மண்தரை. தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள்தான் அங்கே வருபவை. பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் அவை தையல் மிஷினுக்கு அடியில், வெட்டி விழுந்த துணியின் மேல் படுத்து, பஞ்சைத் தின்று இருமிக்கொண்டு கிடந்தன. அறக்கட்டளை கைகொடுத்தது. வாடகை, மதியச் சாப்பாடு, பாய், சின்ன டீச்சரின் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் கை இன்றைக்குச் சாயங்காலம் பின்வாங்கப் போகிறது. அறங்காவலர்கள் கூடி முடிவெடுக்கப் போகிறார்கள்.

காரணம், போன வாரம் நடந்த மதிப்பீடு. அதன் முறை எளிது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தான் சொல்லிக்கொடுத்த எழுத்துகளை அட்டைகளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முன்கூட்டியே அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து, டீச்சர்களை வெளியே நிறுத்திவிட்டு, அதே அட்டைகளைப் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்பார். நீயே எழுதிக் கொடுத்த கேள்வி; இதில் தோற்க முடியுமா?

தோற்றார்கள். பிள்ளைகள் ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று முடிவு வந்தது. மறுநாள் டீச்சர் தான் அனுப்பிய அதே எழுத்துகளைக் காட்டியபோது கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். அப்படியானால் மதிப்பீட்டாளர் காட்டியது என்ன? அதைக் கேட்டால், “ரகசியம், காட்ட முடியாது” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஆபீசரம்மா வந்து, குரலை உயர்த்தாமல், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்த பிறகுதான் உறை வெளியே வந்தது.

மதிப்பீட்டாளர் அட்டைகளை வரிசையாகப் பரப்பினார். அ. இ. ஐ. ஓ. ஞ. ண. ற. ழ.

டீச்சர் குனிந்து பார்த்தாள். அவள் அனுப்பியவை செருப்புப் பெட்டியை வெட்டி, தடிப் பேனாவால் கையால் எழுதியவை. இவை வெள்ளை அட்டையில் அச்செழுத்தை ஒட்டியவை.

“இது என்னோடது இல்ல! இதுல ஒண்ணுகூட நான் அனுப்பினது இல்ல!”

“இருக்கட்டும். அதுக்காக அ-கூடவா தெரியாது?” மதிப்பீட்டாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “அ-வை விட்டுட்டு எழுத்து சொல்லித் தர்ற ஒரே ஆள் நீங்கதான்.”

“சார், உங்க வீட்ல மூணு வயசுக் குழந்தை இருந்தா ஒரு அ எழுதச் சொல்லிப் பாருங்க. சுழி, வளைவு, கோடு... பேனாவைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிடும். நாங்க ட-வுல ஆரம்பிப்போம். நேரா ஒரு கோடு, படுக்க ஒரு கோடு. முதல் நாளே குழந்தை ஒரு எழுத்து எழுதிட்டு வீட்டுக்குப் போகும். அப்புறம் ப, ம. ஒரு புள்ளி வெச்சா படம், பட்டம். சுழி எழுத்தெல்லாம் கடைசியில.”

“எனக்கு இன்னும் ஞ எழுத வராதுங்க” என்று வானொலி ஒத்து ஊதினான். “பாதியில எந்தப் பக்கம் திரும்பணும்னே மறந்துடும்.”

ஆபீசரம்மா இப்போதுதான் கண்ணை முழுசாகத் திறந்தார். “ஒரு அட்டைக்குக்கூடவா பதில் வரல?”

“ஒண்ணுக்கு மட்டும் எல்லாரும் கத்தினாங்க. இதோ, இதுக்கு.” மதிப்பீட்டாளர் ழ-வின் மேல் பேனாவை வைத்தார். “தப்பாத்தான் சொன்னாங்க. என்னமோ நாக்கை மடிச்சுக்கிட்டுக் கொழகொழன்னு.”

“நீங்க இதை எப்படிப் படிப்பீங்க?”

“இது தெரியாதா? ள. பளத்துக்கு வர்ற ள.”



“பளம்” என்றான் வானொலி பணிவாக. “வாளைப்பளம். கீளே விளுந்தா வளுக்கும்.”

ஆபீசரம்மா அவன் காலை மிதித்தார். மதிப்பீட்டாளரின் முகம் சிவந்தது. சிவந்தாலும் ஆள் அசரவில்லை. “ஒண்ணு சரின்னே வெச்சுக்குவோம். மத்தது? இந்த உறை உங்க பள்ளிக்கூடத்துல இருந்துதான் வந்துச்சு. உங்க ஆளே மாத்தியிருந்தா, உள்ளுக்குள்ள ஒழுங்கில்லாத இடத்துக்கு நாங்க உதவி பண்ண மாட்டோம். வேற யாரோ விளையாடியிருந்தா, நாளைக்கே புது அட்டையோட நானே வர்றேன். கூட்டத்துக்கு முன்னால உங்களுக்குப் போன் பண்ணுவேன். அதுக்குள்ள தெரியணும்.”

படி இறங்கும்போதே டீச்சர் பொரிந்து தள்ளினாள். “யாருன்னு எனக்குத் தெரியும். சின்ன டீச்சர்தான். உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தவ அவ. அடுத்த தெருவுல பலூன் ஸ்கூல்காரன் அவளுக்கு வேலை தர்றேன்னு ஆசை காட்டியிருக்கான். இந்தப் பள்ளிக்கூடம் படுத்தா பிள்ளைங்களையும் அள்ளிக்கிட்டுப் போகலாம்ல? பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன். ஒரு வாரமா அவ முகத்துல நான் முழிக்கல.”

தெருவில் வெயில் கொளுத்தியது. ஆபீசரம்மா குடையை விரித்து டீச்சரின் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். வானொலி வெயிலில் நடந்தான்.

“டேய், நீ பரீட்சைக்கு ஒண்ணுமே படிக்காம போயிருக்கியா?” என்று கேட்டார்.

“படிச்சுட்டுப் போனது எப்பன்னு கேளுங்க பாஸ். அது சுலபம்.”

“முட்டை வாங்கியிருக்கியா?”

“சேச்சே. சரியா தப்பான்னு டிக் அடிக்கிற கேள்வி வரும்ல? கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலும் நாலஞ்சு சரியாயிடும்.”

“அதான். ஒண்ணும் தெரியாதவன் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சா கொஞ்சமாவது சரியா வரும். எல்லாமே தப்பா வரணும்னா சரியான விடை எல்லாம் தெரிஞ்சிருக்கணும்.” ஆபீசரம்மா நின்றார். “பலூன் ஸ்கூல்காரன் எழுத்து பொறுக்கியிருந்தா பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச ட-வும் ப-வும் எங்கயாவது நடுவுல வந்திருக்கும். இந்தப் பிள்ளைங்களுக்கு எது தெரியாதுன்னு தெரிஞ்ச ஆள்தான் இதைப் பொறுக்கியிருக்கு.”

“அதைத்தானே நானும் சொல்றேன். சின்ன டீச்சர்!”

“இருக்கலாம்” என்றார் ஆபீசரம்மா. அவர் சொன்ன தொனியே டீச்சருக்குப் பிடிக்கவில்லை. தப்பான விடை சொல்லும் பிள்ளையிடம் மனம் நோகாமல் ‘இன்னொரு தடவை பாரு’ என்று அவளே சொல்லும் தொனி அது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியத் தூக்கம் முடிந்து, பாயும் முகமுமாகக் கலைந்து உட்கார்ந்திருந்தார்கள். சின்ன டீச்சர் ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. டீச்சர் சுவரைப் பார்த்தாள்.

ஆபீசரம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூடை நிறைய மர எழுத்துகள் இருந்தன. பிள்ளையின் உள்ளங்கை அளவு, ஓரமெல்லாம் மழமழவென்று தேய்த்து, சிராய் ஒன்றுகூட இல்லாமல். ட, ப, ம, ய, ர, க, ச, த. பிள்ளைகள் அதன் மேல் விரலை ஓட்டி ஓட்டித்தான் எழுதப் பழகினார்கள்.

வானொலி சாக்பீஸை எடுத்துத் தரையில் ழ எழுதினான். கோணல்மாணலான ழ.

“ழ!” என்று கூடமே அலறியது. மூக்கு ஒழுகும் ஒருத்தி எழுந்து வந்து, அவன் எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிட்டு, “மாமா, வால் கீழ வரணும்” என்று திருத்தினாள்.

“மன்னிச்சுக்கோ தாயி” என்றான் வானொலி. “நான் படிச்ச ஸ்கூல்ல வால் எனக்கு மட்டும்தான் இருந்துச்சு.”

ஆபீசரம்மா சின்ன டீச்சரிடம் திரும்பினார். “சுழி எழுத்தெல்லாம் கடைசியிலன்னு சொன்னாங்க. இது மட்டும் எப்படி முந்திக்கிச்சு?”

“அது... ஒரு நாள் சாப்பாட்டோட வாழைப்பழம் கொடுத்தோம்க்கா. பழம்னு எழுதித் தாங்கன்னு ஒரே நச்சரிப்பு. முதல்ல ப, கடைசியில ம். ரெண்டும் அதுங்களுக்குத் தெரியும். நடுவுல ஒண்ணுதான் குறையுது. சரின்னு அதையும் சொல்லிக் கொடுத்துட்டேன். டீச்சர்கூடச் சிரிச்சாங்க.”

உண்மைதான். டீச்சர் சிரித்தாள். அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் நாக்கை மடித்து ஆளுக்கொரு ழ சொன்னதும், ஒன்று எச்சில் ஒழுக விட்டதும் நினைவுக்கு வந்தது.

“அப்ப இதை நீயே சொல்லிக் கொடுத்திருக்க” என்றார் ஆபீசரம்மா. “பிள்ளைங்களுக்குத் தெரியாத எழுத்தா பார்த்துப் பொறுக்கினது நீயா இருந்தா, நீயே சொல்லிக் கொடுத்ததை அந்த உறையில போடுவியா?”

சின்ன டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். டீச்சருக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு வாரமாக அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. “ஏம்மா...” என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் போய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளை ‘அம்மா’ என்றுதான் அந்தப் பெண் கூப்பிட்டாள், டீச்சர் என்று கூப்பிடவில்லை. அது இன்னும் வலித்தது.

“இந்த மர எழுத்து ரொம்ப அழகா இருக்கே” என்றார் ஆபீசரம்மா, ட-வைக் கையில் எடுத்துத் திருப்பியபடி. “யார் செய்யறாங்க?”

இந்தக் கேள்வி கேட்டால் போதும், டீச்சருக்கு முகம் மலர்ந்துவிடும். எந்த விருந்தாளி வந்தாலும் முதலில் இந்தக் கூடையைத்தான் காட்டுவாள். “என் வீட்டுக்காரர். மரப் பட்டறை வெச்சிருக்கார்ல. கடையில ரெடியா கிடைக்கும், வேண்டாம்னுட்டார். பிள்ளைங்க வாயில வைக்கும்னு சாயம்கூட அடிக்க மாட்டார். மொத்தமா செஞ்சும் தர மாட்டார். ‘எந்த எழுத்துக்கு வந்திருக்கீங்க, சொல்லு, அறுத்துத் தர்றேன்’னு கேட்டுக் கேட்டு, ஒண்ணு ஒண்ணா... நான் எதுவரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன்னு என்னைவிட அவருக்குத்தான்...”

அவள் நிறுத்தினாள்.

“கூடையில ழ இல்லையே” என்றார் ஆபீசரம்மா மெதுவாக.

“சாக்பீஸ்லதான சொல்லிக் கொடுத்தோம். அதுக்கு இன்னும் முறை வரல. அவர்கிட்ட நான் இன்னும்...”

 டீச்சர் ஆபீசரம்மாவையே முறைத்தாள்.

“இங்க பாருங்கம்மா. நீங்க யாரைச் சொல்ல வர்றீங்கன்னு புரியுது. அதோட நிறுத்திக்கங்க. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆணி அடிச்சது அவர். அந்தக் கதவு அவர் செஞ்சது. பிள்ளைங்க செருப்பு வெக்கிற பலகை அவர் செஞ்சது.”

“உறையை அனுப்பறதுக்கு முந்தின ராத்திரி அது எங்க இருந்துச்சு டீச்சர்?”

“எங்க வீட்ல. சாப்பாட்டு மேஜையில. அதுக்கென்ன? அவர் கண்ணாடியும்தான் அங்க இருக்கும்.”

ஆபீசரம்மா ட-வைக் கூடையில் திருப்பி வைத்தார். வானொலிகூட வாயை மூடிக்கொண்டு கூடையில் எழுத்துகளை அடுக்கினான். அந்த மரியாதை டீச்சருக்கு அடித்தது போல இருந்தது.

“வாங்க” என்றாள். “நேரா பட்டறைக்கே போவோம். நானே கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் இல்லைன்னு ஆனதும் என்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடணும்.”

“தாராளமா” என்றார் ஆபீசரம்மா. அவர் உண்மையிலேயே மன்னிப்புக் கேட்க ஆசைப்பட்டது போலத்தான் தெரிந்தது.

வழியெல்லாம் டீச்சர் கேள்வியை யோசித்தாள். ‘நீங்களா செஞ்சீங்க?’ என்று கேட்டால் மனுஷன் மனசு உடைந்துபோவார். இத்தனை வருஷம் வாழ்ந்தவரிடம் அப்படிக் கேட்கலாமா? சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். பிள்ளைகளிடம் ‘நீ திருடினாயா’ என்று அவள் கேட்டதே இல்லை. ‘அந்த மிட்டாய் இனிப்பா புளிப்பா?’ என்றுதான் கேட்பாள். எடுக்காத பிள்ளை விழிக்கும். அவரும் விழிக்க வேண்டும். திருதிருவென்று விழிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

பட்டறையில் மரத்தூள் வாசனை மூக்கை நிறைத்தது. கணவர் ஒரு நாற்காலிக் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்து, துண்டால் ஸ்டூலைத் தட்டிவிட்டார்.

“வா வா. வெயில்ல ஏன் வந்த? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. இவங்க?”

“தெரிஞ்சவங்க. பலகை பார்க்க வந்தாங்க” என்றாள் டீச்சர். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கும். “ஏங்க, ஒரு எழுத்து அவசரமா வேணும்.”

“சொல்லு. எதுவரைக்கும் வந்திருக்க?”

“ழ.”

கணவர் தேய்ப்பதை நிறுத்தாமலே சிரித்தார். “பாரு, பரீட்சையில ழ வந்துடுச்சுன்னு உடனே அதைச் சொல்லிக் கொடுக்கக் கிளம்பிட்டியா? அதான் முடிஞ்சு போச்சேம்மா. விடு.”

வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. டீச்சர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! திருப்பிக் கேட்க வேண்டாம், இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நாக்கு கேட்டுவிட்டது.

“பரீட்சையில ழ வந்துச்சுன்னு யாருங்க சொன்னா?”

“நீதான சொன்ன. அன்னிக்கு...”

“எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.”

உப்புத்தாள் நின்றது. அவர் ஆபீசரம்மாவைப் பார்த்தார், வானொலியைப் பார்த்தார். இவர்கள் பலகை பார்க்க வந்தவர்கள் இல்லை என்பது புரிந்துவிட்டது. மென்று விழுங்கினார். பூசி மெழுகப் பார்த்தாலாவது டீச்சருக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். அவர் அதுகூடச் செய்யவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில நிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“நிக்கட்டும்” என்றாள் டீச்சர். “அவங்க முன்னாலயே சொல்லுங்க. அந்தப் பொண்ணு மேல நான் பழி போட்டப்ப நீங்க என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அவளுக்குத்தான் வேற வேலை இருக்கேன்னு...” அவருக்கே அது பொருந்தவில்லை. நாற்காலிக் காலைக் கீழே வைத்தார். “எத்தனை வருஷமா சொல்ற? ‘இந்த வருஷத்தோட போதுங்க, அப்புறம் நம்ம பொண்ணுகிட்டயே போயிடலாம்.’ ஒவ்வொரு வருஷமும் புதுசா பிள்ளைங்க வரும். நீ அதுங்க முகத்தைப் பார்ப்ப. அடுத்த வருஷம்னுவ. நானும் பொட்டியைக் கீழ இறக்கி இறக்கி மேல ஏத்தி வெச்சேன். நம்ம பேத்தி போன்ல என்னைத் தாத்தான்னு கூப்பிடறா. உன்னை என்னன்னு கூப்பிடறா தெரியுமா? டீச்சர்னு. ஊரே கூப்பிடுதுன்னு அவளும் கூப்பிடறா. எனக்குத் தாங்கல. அந்த அறக்கட்டளை கையை விட்டாத்தான் நீயும் விடுவேன்னு தோணுச்சு. உறை மேஜை மேல இருந்துச்சு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் டீச்சருக்குப் பெரிய கொடுமையாக இருந்தது. வாக்குக் கொடுத்ததும் அவள்தான், தவறியதும் அவள்தான். அதற்காக அவர் அவளோடு சண்டை போட்டிருக்கலாம். சாப்பாட்டை விசிறியடித்திருக்கலாம். தனியாகக் கிளம்பிப் பேத்தியிடம் போயிருந்தால்கூட அழுதுவிட்டு மறுநாள் பின்னாலேயே போயிருப்பாள்.

“பிள்ளைங்க என்னங்க பண்ணுச்சு?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “உங்களைப் பார்த்தாலே காலைக் கட்டிக்கிறதுங்க. நீங்க அறுத்துக் கொடுத்த எழுத்தைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குதுங்க. அதுங்களுக்கு எது தெரியாதுன்னு தேடித் தேடி எடுத்தீங்களே. அன்னிக்கு ஒண்ணு வெளியில ஓடி வந்து ‘டீச்சர், நான் மக்கா?’ன்னு கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து உங்ககிட்டதான் சொல்லி அழுதேன்.”

“தெரியும்.”

“முதுகைத் தடவிக் கொடுத்தீங்க. ‘உன்னால முடிஞ்சதைச் செஞ்ச, போதும் விடு’ன்னீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சாரேன்னு நினைச்சுக்கிட்டே தூங்கினேன்.” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “அட்டையை மாத்தினதைக்கூட ஒரு நாள் மறந்துடுவேனோ என்னவோ. தடவிக் கொடுத்தீங்களே, அதை என்ன பண்ணுவேன்?”

கணவர் தரையில் கிடந்த மரச்சுருளைக் காலால் ஒதுக்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆபீசரம்மா தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். மன்னிப்புக் கேட்கும் வாய்ப்புப் போய்விட்டது.

“டீச்சர்” என்றான் வானொலி தயங்கி. “உங்க போன் அடிக்குது.”

மதிப்பீட்டாளர். கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவருடைய குரல் பட்டறை முழுக்கக் கேட்கும் அளவுக்குக் கணீரென்று இருந்தது.

“சொல்லுங்க டீச்சர். ஆள் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

கணவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. காட்டிக் கொடுத்துவிடாதே என்ற கெஞ்சல் இருந்தது. அதோடு, இவள் காட்டிக் கொடுக்க மாட்டாள் என்கிற நம்பிக்கையும் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த நம்பிக்கை எங்கிருந்துதான் வருகிறதோ! டீச்சர் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உங்க பள்ளிக்கூடத்து ஆளா?” என்று கேட்டது போன். “உங்களைச் சேர்ந்தவங்களா?”

“இல்லை சார்” என்றாள் டீச்சர். “எங்களைச் சேர்ந்தவர் இல்லை. யாரோ வெளியாள். நாளைக்கு நீங்க தாராளமா வரலாம், அவர் இனிமே எங்க பக்கம் வரமாட்டார்.”